நெப்போலியன் காலக் காலாட்படைச் சீருடை: மினியேச்சருக்கு பெயின்ட் அடிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

28 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு பிரெஞ்சு சிப்பாய். பிரைமர் (அடிப்பூச்சு) அடித்துக் காயவைத்தாயிற்று. காலர் சிவப்பா, நீலமா? கைமடிப்பின் மேல் இருக்கும் சின்னப் பட்டை என்ன நிறம்? ஒரு படத்தில் ஒன்று, இன்னொரு படத்தில் வேறொன்று. இந்த இடத்தில்தான் பாதிப் பேர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுத் தேட உட்காருகிறார்கள். அப்படித் தேடுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை.

எங்கிருந்து தொடங்குவது?

‘பிரெஞ்சு காலாட்படையின் சீருடை என்ன?’ என்று தேடாதீர்கள். அந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எந்த ரெஜிமென்ட் (பட்டாலியன்கள் என்ற உட்பிரிவுகள் கொண்ட படைப்பிரிவு), எந்த ஆண்டு, எந்த ஊர்ப் போர் என்ற மூன்றையும் முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். 1805இல் ஆஸ்டர்லிட்ஸில் நின்ற பிரெஞ்சு சிப்பாய் தலையில் இருபக்கம் மடித்த அகலத் தொப்பி. 1809இல் வாக்ராமில் ஷாக்கோ, அதாவது முன்விளிம்பு வைத்த உயரமான உருளைத் தொப்பி. 1813இல் லைப்சிக்கில் ஷாக்கோ அப்படியே இருக்க, கோட்டின் வெட்டே வேறு. மூவரும் ஒரே ரெஜிமென்டாகக்கூட இருக்கலாம்.

உருவங்கள் வாங்கும்போதே இதைப் பார்த்துக்கொள்வது நல்லது. பெட்டியின் மேல் போட்டிருக்கும் ஆண்டுதான் அதன் மிக முக்கியமான தகவல். நீளமான வால்வைத்த கோட்டு வார்த்திருக்கும் உருவத்தை, என்ன பெயின்ட் அடித்தாலும், விதிப்படியான 1815 சிப்பாயாக மாற்ற முடியாது.

பிரெஞ்சுச் சீருடையில் எந்தெந்த ஆண்டில் என்னென்ன மாறியது?

மனப்பாடம் செய்ய வேண்டியது இரண்டே இரண்டு ஆண்டுகள்தான்: 1806, 1812.

1806 வரை லைன் காலாட்படைக்கு (வரிசையாக நின்று சண்டையிடும் முதன்மைக் காலாட்படை) அகலத் தொப்பி. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஷாக்கோவுக்கு ஆணை வந்தது. ஆணை வந்த மறுநாளே எல்லார் தலையிலும் ஏறிவிடவில்லை, 1807 வரை பழசும் புதுசும் கலந்தே இருந்தன. லைட் காலாட்படை (முன்னால் சென்று சிதறி நின்று சுடுபவர்கள்) மட்டும் அதற்கு முன்பே ஷாக்கோவுக்கு மாறிவிட்டது.

கோட்டு கருநீலம். லைன் ரெஜிமென்டுகளுக்கு வெள்ளை மார்பு மடிப்பு, சிவப்புக் காலர், சிவப்புக் கைமடிப்பு, பித்தளைப் பொத்தான், வெள்ளைக் கால்சட்டை. லைட் காலாட்படைக்கு மார்பு மடிப்பும் நீலம், கால்சட்டையும் நீலம், பொத்தான் வெள்ளை உலோகம். ‘என் லைட் பட்டாலியன் ஏன் லைன் மாதிரியே தெரிகிறது?’ என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பொத்தானை மஞ்சளாகவும் கால்சட்டையை வெள்ளையாகவும் அடித்திருப்பார்கள்.

1812 ஜனவரியில் வந்த புது விதிமுறையை அதைத் தொகுத்த அதிகாரியின் பெயரால் ‘பார்தாங் விதிமுறை’ என்பார்கள். முன்பு மார்பிலிருந்து இருபக்கமும் விலகி உள்ளே வெள்ளை வெய்ஸ்ட்கோட் தெரிந்த கோட்டு, இப்போது இடுப்புவரை மூடிக்கொண்டது. வாலும் குட்டையானது. அதாவது 1812க்கு முந்தைய உருவத்தில் வயிற்றுப் பக்கம் வெள்ளைத் துணி தெரியும், பிந்தையதில் தெரியாது. உருவத்தின் காலத்தை ஒரு பார்வையில் கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

கம்பெனி வேறுபாடு இன்னொரு விஷயம். 1808 முதல் ஒரு பட்டாலியனுக்கு ஆறு கம்பெனி: ஒரு கிரனடியர் (தேர்ந்தெடுத்த வீரர்கள்), ஒரு வோல்டிஷர் (முன்சென்று சுடுபவர்கள்), நான்கு ஃபியூசிலியர் (சாதாரணச் சிப்பாய்கள்). கிரனடியருக்குச் சிவப்புத் தோள்குஞ்சம். வோல்டிஷருக்கு மஞ்சள் காலர், மஞ்சளும் பச்சையும் கலந்த குஞ்சங்கள். ஃபியூசிலியருக்குத் தோள்குஞ்சமே கிடையாது, சிவப்பு ஓரமிட்ட நீலத் தோள்பட்டி மட்டும். ஷாக்கோ மேல் இருக்கும் பந்துக் குஞ்சத்தில் நான்கு ஃபியூசிலியர் கம்பெனிகளும் பிரியும்: கரும்பச்சை, வான்நீலம், ஆரஞ்சு, ஊதா. நான்கு கம்பெனியும் சேர்ந்த பட்டாலியனை மேசையில் நிறுத்தும்போது இந்தச் சின்னப் புள்ளிகள்தான் கண்ணில் படும். அதனால் இதில் கவனம் வையுங்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் வெள்ளைக் கோட்டு போட்ட படம் பார்த்தேன். அது ஆஸ்திரியர்களா?

இல்லை, பிரெஞ்சேதான். 1806 ஏப்ரலில் நெப்போலியன் லைன் காலாட்படைக்கு வெள்ளைக் கோட்டு என்று ஆணையிட்டார். காரணம் அவுரி. நீலச் சாயத்துக்கு வேண்டிய அவுரி மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கடல்வழியாக வரவேண்டும். கடலோ பிரிட்டிஷ் கப்பற்படையின் கையில். சாயமே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். சில ரெஜிமென்டுகளுக்குத் துணியும் போய்ச் சேர்ந்தது. ஆனால் வெள்ளை அழுக்குத் தாங்கவில்லை, செலவும் கூடியது, 1807இல் திட்டம் கைவிடப்பட்டது. ஐலாவ் போரில் பனியின் மேல் ரத்தம் தோய்ந்த வெள்ளைக் கோட்டுகளைப் பார்த்து நெப்போலியன் மனம் மாறினார் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சலவைக் கணக்கே போதுமான காரணம்.

வெள்ளைப் பட்டாலியன் ஒன்று செய்ய ஆசை இருந்தால், அந்த ரெஜிமென்ட் உண்மையிலேயே அதைப் பெற்றதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் திட்டத்தில் காலர், கைமடிப்பு நிறங்கள் ரெஜிமென்டுக்கு ரெஜிமென்ட் மாறின. அழகு இருக்கிறது, வேலையும் இருக்கிறது.

அதிகாரபூர்வ விதிமுறை இருக்கிறதே. அதையே பார்த்து அடித்தால் போதாதா?

போதாது. ‘இப்படி இருக்க வேண்டும்’ என்று சொல்வதுதான் விதிமுறையின் வேலை. எப்படி இருந்தார்கள் என்பது வேறு.

பார்தாங் விதிமுறையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆணை வந்தது ஜனவரி 1812. நெப்போலியனின் பெரும்படை நீமென் ஆற்றைக் கடந்து ரஷ்யாவுக்குள் நுழைந்தது அதே ஆண்டு ஜூன். லட்சக்கணக்கான கோட்டுகளை ஆறு மாதத்தில் தைத்து ஐரோப்பா முழுக்க விநியோகிக்க முடியுமா? பெரும்பாலானவர்கள் பழைய கோட்டோடுதான் மாஸ்கோவுக்கு நடந்தார்கள். ஆக, ‘1812 பிரெஞ்சு’ என்று எழுதியிருக்கும் விதிமுறைப் படத்தைப் பார்த்து, அந்தப் படையெடுப்பின் போரோடினோ போரில் நின்ற சிப்பாய்க்கு அடித்தால், ஒவ்வொரு விவரமும் ஆவணப்படி சரி, மொத்தத்தில் தவறு.

அப்புறம், படை ஊர்வலத்தில் இருப்பது வேறு, களத்தில் நடப்பது வேறு. நடைபயணத்தில் ஷாக்கோவுக்கு உறை போட்டார்கள், இறகைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள், வெள்ளைக் கால்சட்டைக்குப் பதில் தளர்வான சாதாரணக் கால்சட்டை அணிந்தார்கள். ஸ்பெயினில் சண்டையிட்ட பிரெஞ்சுக்காரர்களிடம் கிடைத்த துணி எதுவோ அதில் தைத்த கால்சட்டைதான். அங்கே நிறையக் கிடைத்தது பழுப்பு நிறக் கம்பளித் துணி. மேலங்கியும் அப்படியே. சாம்பல், இளம்பழுப்பு, கரும்பழுப்பு என்று ஒரே கம்பெனிக்குள் நாலு நிறம் இருக்கலாம்.

அப்படியானால் எந்தப் படத்தை நம்புவது?

வரைந்தவர் யார், எப்போது வரைந்தார், கண்ணால் பார்த்தாரா என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஓவியம் எவ்வளவு நேர்த்தி என்பது இதில் கணக்கே இல்லை.

மேல்வரிசையில் வருபவர்கள் அந்தக் காலத்திலேயே பார்த்து வரைந்தவர்கள். ஹாம்பர்க் நகரில் சூர் சகோதரர்கள் தங்கள் ஊர் வழியாகப் போன படைகளை வரைந்துவைத்தார்கள். அங்கே வந்து தங்கிய ஸ்பானியப் படைப்பிரிவுகளும் அதில் உண்டு. படம் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும், ஆனால் கையில் கோழியும் தோளில் மூட்டையுமாக நிற்கும் நிஜ மனிதர்கள். ஃபாபர் டு ஃபோர் என்ற, வூர்ட்டம்பெர்க் என்ற ஜெர்மானிய நாட்டின் பீரங்கிப்படை அதிகாரி 1812இல் ரஷ்யப் படையெடுப்பில் தானே நடந்துகொண்டு வரைந்தார். அச்சில் வந்தது பல ஆண்டுகள் கழித்து என்றாலும், உறை போட்ட ஷாக்கோ, கிழிந்த மேலங்கி, சேற்றுக் காலணி எல்லாம் அவரிடம்தான் கிடைக்கும். பாரிஸில் மார்தினே வெளியிட்ட வண்ண அச்சுகள் அதே காலத்தவை. பிரிட்டிஷ் படைக்கு, தானும் ராணுவ அதிகாரியான சார்ல்ஸ் ஹாமில்டன் ஸ்மித் 1812க்கும் 1815க்கும் இடையில் வெளியிட்ட படங்கள்.

அடுத்த வரிசை, பிற்காலத்தில் ஆராய்ந்து வரைந்தவர்கள். ஜெர்மானியரான ரிச்சர்ட் க்னோட்டல் பெயர் எல்லா இடத்திலும் அடிபடும். உழைப்பாளி, மதிக்கத்தக்கவர். ஆனால் அவர் பிறந்தது 1857இல். வாட்டர்லூ முடிந்து 42 ஆண்டு கழித்து. அவர் கண்ணால் எதையும் பார்த்ததில்லை, அவருக்கும் ஏதோ ஒரு மூலம் இருந்திருக்கிறது. அந்த மூலம் என்ன என்பதுதான் உங்கள் அடுத்த தேடல்.

மூன்றாவது வரிசை, அவரைப் பார்த்து வரைந்தவரைப் பார்த்து வரைந்தவர்கள். இணையத்தில் கிடைப்பதில் பெரும்பங்கு இதுதான். ஐந்து படங்கள் ஒரே நிறத்தைக் காட்டினால் ஐந்து சாட்சி என்று நினைத்துவிட வேண்டாம். ஐந்தும் ஒரே படத்தின் நகலாக இருந்தால் சாட்சி ஒன்றுதான்.

இலவசமாக இவற்றைப் பார்க்க முடியுமா?

தாராளமாக. நியூயார்க் பொது நூலகத்தில் விங்க்ஹாய்சன் தொகுப்பு என்று 32,000க்கும் மேற்பட்ட சீருடைப் படங்கள் இருக்கின்றன, இணையத்திலேயே பார்க்கலாம். டச்சு மருத்துவர் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தது. ஒரே சிக்கல், அவர் புத்தகங்களிலிருந்து படங்களை வெட்டி ஒட்டிவைத்தார். அதனால் பல படங்களுக்கு எங்கிருந்து வந்தவை என்ற விவரம் அறுந்துபோய்விட்டது. யோசனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்புக்கு வேண்டாம்.

அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஆன் பிரவுன் ராணுவத் தொகுப்பு இருக்கிறது. மூல விவரம் ஒழுங்காகக் கொடுத்திருப்பார்கள். பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் விதிமுறைகளும் பழைய அச்சுகளும் கிடைக்கும். ஒரு குறிப்பு: எந்த நாட்டுப் படையோ அந்த நாட்டு மொழியில் தேடுங்கள். பிரெஞ்சு ரெஜிமென்டை பிரெஞ்சில் தேடினால் வரும் முடிவுகளில் பாதி ஆங்கிலத் தேடலில் எட்டிக்கூடப் பார்க்காது.

அருங்காட்சியகத்தில் அசல் கோட்டே இருக்கிறது. அதன் நிறத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

வெட்டு, தையல், பொத்தான் எண்ணிக்கை, நாடாவின் அகலம் இதற்கெல்லாம் அசல் கோட்டை மிஞ்சிய சாட்சி இல்லை. பாரிஸ் இன்வாலிட் மாளிகையிலுள்ள படை அருங்காட்சியகமும் லண்டன் தேசியப் படை அருங்காட்சியகமும் நல்ல புகைப்படங்கள் போட்டிருக்கின்றன. நிறத்துக்கு மட்டும் யோசியுங்கள். இருநூறு ஆண்டு வெளிச்சம் பட்ட துணி அது. மடிப்புக்குள்ளும் காலருக்கு அடியிலும் தெரியும் நிறம்தான் பழைய நிறத்துக்கு நெருக்கம்.

இன்னொன்று, காலத்தைத் தாண்டி மிஞ்சியவை பெரும்பாலும் அதிகாரிகளின் கோட்டுகள். சிப்பாயின் கோட்டு கிழியும்வரை உழைத்தது, பிறகு ஒட்டுத்துணியானது. பிரிட்டிஷ் கோட்டில் இந்த வித்தியாசம் நேரடியாகக் கண்ணில் படும். சிப்பாய்க்கு மஞ்சிட்டி வகை வேரிலிருந்து எடுத்த மங்கலான செங்கல் சிவப்பு. அதிகாரிக்கு கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த பளீர் சிவப்பு. சார்ஜன்டுக்கும் சிப்பாயைவிட நல்ல துணி. ஒரே பட்டாலியனுக்கு இரண்டு சிவப்பு வைத்துக்கொள்ளுங்கள். விவரம் தெரிந்தவர் அருகில் வந்து பார்த்தால் முதலில் பாராட்டுவது இதைத்தான்.

பிரிட்டிஷ் ரெஜிமென்டுக்கு எதை எதைத் தேட வேண்டும்?

நான்கு விஷயம். காலர், கைமடிப்பு, தோள்பட்டி ஆகியவற்றின் நிறம், இதை ஃபேசிங் என்பார்கள். மார்புக் குறுக்கே போகும் நாடாவில் ஓடும் வண்ணக் கோடு. அந்த நாடாக்கள் சம இடைவெளியிலா, இரண்டிரண்டாகவா. அதிகாரியின் உலோகம் தங்கமா வெள்ளியா. ஹாமில்டன் ஸ்மித்தின் வண்ண அட்டவணைகள் ஃபேசிங்கையும் நாடாவையும் ரெஜிமென்ட் வாரியாகக் காட்டுகின்றன.

33ஆவது ரெஜிமென்டைப் பாருங்கள். ஆர்தர் வெல்லஸ்லி, பிற்காலத்து வெலிங்டன், தலைமை தாங்கிய ரெஜிமென்ட். 1799இல் திப்பு சுல்தானுக்கு எதிராக ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நின்றது, 1815இல் காத்ர் பிராவிலும் வாட்டர்லூவிலும் நின்றது. அதற்கு ஃபேசிங் சிவப்பு. சிவப்புக் கோட்டில் சிவப்புக் காலர்! அதிகாரிகளுக்கு வெள்ளி. வழக்கமாக முரசுக்காரர் கோட்டை ஃபேசிங் நிறத்தில் தைப்பார்கள். இங்கே அது சிவப்பாகவே இருப்பதால் முரசுக்காரருக்கு வெள்ளைக் கோட்டு. கொடியும் அதே கதை. ரெஜிமென்ட் கொடியின் பின்னணி ஃபேசிங் நிறத்தில் இருக்கவேண்டும், ஆனால் சிவப்போ வெள்ளையோ ஃபேசிங்காக இருந்தால் வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை. ஆக ஃபேசிங் ஒன்று தெரிந்தால் முரசுக்காரர், கொடி இரண்டும் கூடவே வந்துவிடும்.

நாடாவின் கோட்டைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அரை அங்குல நாடா 28 மி.மீ. உருவத்தில் கால் மில்லிமீட்டர்கூட வராது. அதற்குள் எங்கே கோடு போடுவது? வெள்ளையாக விட்டுவிடுங்கள். 54 மி.மீ. உருவம் செய்பவர்கள் மட்டும் முயலலாம்.

தொப்பிக்கு ஒரு எச்சரிக்கை. முன்புறம் உயர்ந்த ஷாக்கோ 1812ஆம் ஆண்டு மாதிரி. ஸ்பெயின், போர்ச்சுகல் போர்களுக்குப் பொதுவாகப் பழைய புகைபோக்கி வடிவ ஷாக்கோதான் சரி. வாட்டர்லூவுக்குப் புதுசு, ஆனால் லைட் காலாட்படையும் ரைஃபிள் படையும் பழசையே வைத்துக்கொண்டன.

பிரஷ்யர்களுக்கு ஏதாவது சுருக்குவழி உண்டா?

உண்டு, அதுவும் ரொம்ப அழகான வழி. 1808க்குப் பிந்தைய பிரஷ்ய லைன் காலாட்படைக்குக் காலரும் கைமடிப்பும் மாகாணத்தைச் சொல்லும்: கிழக்குப் பிரஷ்யா செங்கல் சிவப்பு, மேற்குப் பிரஷ்யா கிரிம்சன் (ஆழ்ந்த சிவப்பு), பொமரேனியா வெள்ளை, பிராண்டன்பர்க் பளீர் சிவப்பு, சைலீசியா மஞ்சள். தோள்பட்டி அந்த மாகாணத்துக்குள் எத்தனையாவது என்பதைச் சொல்லும்: முதலாவது வெள்ளை, இரண்டாவது சிவப்பு, மூன்றாவது மஞ்சள், நான்காவது இளநீலம்.

இப்போது 9ஆவது ரெஜிமென்டான கோல்பர்கைப் பிரித்துப் பாருங்கள். பொமரேனியாவின் இரண்டாவது ரெஜிமென்ட். அப்படியானால் வெள்ளைக் காலர், சிவப்புத் தோள்பட்டி. படமே பார்க்க வேண்டியதில்லை.

இந்த ஒழுங்கு 12ஆவது ரெஜிமென்டோடு முடிந்துவிடும். 1815இல் 13 முதல் 24 வரை எண் பெற்றவை 1813இல் அவசரமாகத் திரட்டிய ரிசர்வ் ரெஜிமென்டுகள். சாம்பல் துணி, பிரிட்டன் அனுப்பிய கோட்டு என்று கிடைத்ததை அணிந்தவர்கள். 25ஆவது, கறுப்புச் சீருடைக்குப் பேர்போன லுட்ஸோ தன்னார்வப் படையிலிருந்து வந்தது. 28, 29 இரண்டும் பெர்க் என்ற ஜெர்மானியச் சிற்றரசின் படையிலிருந்து வந்தவை, தங்கள் பழைய வெள்ளைக் கோட்டோடு. ஒரே மாதிரி நீலக் கோட்டுகளை அடித்து அலுத்தவர்களுக்கு 1815 பிரஷ்யப் படை ஒரு வரம்.

ஆஸ்திரியா, ரஷ்யா?

ஆஸ்திரியா: வெள்ளைக் கோட்டு, ரெஜிமென்டுக்கு ஒரு ஃபேசிங், பொத்தான் மஞ்சளா வெள்ளையா என்பதில் பிரிவு. ஜெர்மானிய ரெஜிமென்டுகளுக்கு வெள்ளைக் கால்சட்டை, ஹங்கேரிய ரெஜிமென்டுகளுக்கு இறுக்கமான இளநீலம். 1806இல் ஹெல்மெட்டுக்குப் பதில் ஷாக்கோ என்று ஆணை, ஆனால் 1809இலும் ஹெல்மெட் நிறையப் பேர் தலையில் இருந்தது.

ரஷ்யா: கரும்பச்சைக் கோட்டு, லைன் காலாட்படைக்குச் சிவப்புக் காலர், கைமடிப்பு. தோள்பட்டி நிறம் டிவிஷனுக்குள் (பல ரெஜிமென்டுகள் சேர்ந்த பெரிய பிரிவு) ரெஜிமென்டின் வரிசையைப் பொறுத்தது. 1812இல் மேல்புறம் குழிந்த புது ஷாக்கோ வந்தது. விரிவாக வேண்டுமானால் 19ஆம் நூற்றாண்டில் விஸ்கோவாடோவ் தொகுத்த பல தொகுதிகள் இருக்கின்றன. அவர் தருவதும் விதிமுறைதான் என்பதை மறக்க வேண்டாம்.

வாட்டர்லூவுக்கு மட்டும் தனியாக ஏதாவது?

மழை. 1815 ஜூன் 17 மாலையும் இரவும் கொட்டித் தீர்த்தது, 18ஆம் தேதி சேற்றில்தான் சண்டை. பிரிட்டிஷ் ஷாக்கோக்களில் கறுப்பு எண்ணெய்த்துணி உறை, பிரெஞ்சுக்காரர்களில் பலர் மேலங்கியோடு. கெய்ட்டருக்கும் (காலணி மேல் போடும் துணி உறை) கால்சட்டைக்கும் முழங்கால்வரை சேறு அடிக்கலாம், யாரும் தப்பு சொல்ல முடியாது.

பிரெஞ்சுப் படையை நெப்போலியன் திரும்பிவந்த சில மாதங்களுக்குள் திரட்டினார்கள். நெப்போலியனின் இம்பீரியல் காவல்படையிலேயே கடைசியாகச் சேர்த்த ரெஜிமென்டுகளுக்குக் கரடித்தோல் தொப்பி பற்றாமல் ஷாக்கோ, அகலத் தொப்பி என்று கலந்து அணிந்தார்கள். ஓவியங்களில் வரிசையாக நிற்கும் உயரமான கரடித்தோல் தொப்பிகள் அந்த ரெஜிமென்டுகளுக்குப் பொருந்தாது.

நிறத்தைக் கண்டுபிடித்தேன், அடித்தேன், ஆனால் உருவம் கறுப்பாகத் தெரிகிறதே?

அசலில் கருநீலம் என்றால் உருவத்தில் அதைவிட ஒரு படி வெளிர்த்து அடிக்க வேண்டும். சின்னப் பரப்பில் நிறம் இருண்டு தெரியும். பிரெஞ்சுக் கோட்டுக்கு டார்க் பிரஷ்யன் ப்ளூ போன்ற ஒன்றை அடித்தளமாக வைத்து, மடிப்பு மேடுகளில் கொஞ்சம் வெளிர்நீலம் கலந்து ஏற்றுங்கள். உருவம் சிறியதாகச் சிறியதாக இன்னும் வெளிர வேண்டும். 6 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட நடுத்தர நீலமே சரி.

எல்லாருக்கும் ஒரே நிறம் வேண்டாம். பள்ளிச் சீருடை ஜூனில் ஒரு நிறம், தீபாவளிக்குள் இன்னொரு நிறம். இயற்கைச் சாயத்தில் தோய்த்து வெயிலிலும் மழையிலும் நடந்த கோட்டு அதைவிட வேகமாக வெளுத்திருக்கும். பட்டாலியனில் நாலைந்து பேருக்கு அடித்தள நிறத்தில் ஒரு துளி சாம்பல் கலந்துவிடுங்கள்.

இரண்டு நல்ல மூலங்கள் முரண்பட்டால்?

முதலில் ஆண்டைப் பாருங்கள். முரண்பாடு என்று நினைப்பதில் பெரும்பகுதி, ஒன்று 1807, மற்றொன்று 1811 என்பதில் தீர்ந்துவிடும். ஆண்டும் ஒன்றேயானால் கம்பெனியைப் பாருங்கள், கிரனடியரை ஒருவரும் ஃபியூசிலியரை இன்னொருவரும் வரைந்திருக்கலாம். அதுவும் இல்லையென்றால் கண்ணால் பார்த்தவர் பக்கம் சாயுங்கள். இருவருமே பார்த்தவர்கள் என்றால் இரண்டுமே உண்மையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பிரெஞ்சுக் கைமடிப்பின் சின்னப் பட்டையே ரெஜிமென்டுக்கு ரெஜிமென்ட் நீலம், சிவப்பு, வெள்ளை என்று மாறியிருக்கிறது. பிடித்ததை எடுத்துக்கொண்டு பட்டாலியன் முழுக்க ஒரே மாதிரி அடியுங்கள்.

தேடுவதை எப்போது நிறுத்துவது?

பிரஷ் நுனியால் காட்ட முடியாத விவரத்துக்கு வந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள். பொத்தானில் பதித்த எண், வாள் உறையின் தையல் எல்லாம் 28 மி.மீ.க்குத் தேவையில்லை. தலை, காலர், கைமடிப்பு, தோள், பொத்தான் உலோகம், கால்சட்டை, கொடி இவ்வளவும் தெரிந்தால் வேலையைத் தொடங்கலாம்.

ஒவ்வொரு ரெஜிமென்டுக்கும் ஒரு பக்கத் தாள் எழுதிவையுங்கள். மேலே ரெஜிமென்ட், ஆண்டு, போர். கீழே ஒவ்வொரு பாகத்தின் நிறம், அதை எந்தப் படத்திலிருந்து எடுத்தீர்கள், எந்தப் பெயின்டை எதோடு கலந்தீர்கள். அடுத்த வருடம் அதே பட்டாலியனுக்கு இன்னும் பத்துப் பேர் சேர்க்கும்போது அந்த நீலத்தைத் திரும்பக் கொண்டுவர அந்தத் தாள் வேண்டும்.